குதிகாலுக்கு இரண்டாயிரம் அடி

கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு எட்டு. கட்டிங் மாஸ்டர் ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பதினோரு எட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தார். அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு, இடுப்பு உயரத்தில் சுவரில் ஓர் அழுக்குக் கோடே விழுந்துவிட்டது. மனைவி சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். மறுவாரமே கோடு திரும்ப வந்து நின்றது. போய்த் தொலை என்று விட்டுவிட்டாள். வலது குதிகாலில் ஒன்றரை வருஷமாகக் குடியிருக்கிற வலி, சோப்புக்கா பயப்படப் போகிறது?

மனுஷன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்த காகிதத்தைப் போட்டு, மின்சாரக் கத்தியால் எண்பது சட்டைக்கான துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டவேண்டும். உட்கார்ந்து செய்ய முடியாது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை சிமெண்ட் தரையில் மேசையைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஒரு நூல் அகலம் பிசகினால் எண்பது சட்டையும் பிசகும் என்பதால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தொழிற்சாலையில் அவருக்கு ‘ஒருநூல்’ என்றே பெயர். கேலியாக வைத்த பெயர்தான். போகப்போக மரியாதைப் பெயராகிவிட்டது.

வீட்டிலும் அதே ஒருநூல்தான். சாப்பாட்டில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் அவருக்குத் தெரியும். டீயில் சர்க்கரை அரைக் கரண்டி குறைந்தால் தெரியும். மடித்து வைத்த போர்வையின் ஓரம் ஒட்டாவிட்டால் அதுவும் தெரியும். மனைவிக்குக் கழுத்து வலிப்பது மட்டும் தெரியாது. அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்தார் துணிகளைப் பிரித்துச் சிறிதாக்கிப் பெரிதாக்கிக் கொடுக்கிறவள். குனிந்து குனிந்தே கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். “நீ உக்காந்து சம்பாதிக்கிறவ, நான் நின்னு சம்பாதிக்கிறவன்” என்பார் மாஸ்டர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இதே நகைச்சுவைதான். பிள்ளையில்லாத வீட்டில் வேறு சத்தம் வேண்டுமே என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவைத்தாள்.

குதிகாலுக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. ஐஸ் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டியாயிற்று. செருப்புக்குள் ரப்பர் மெத்தை வைத்தாயிற்று. ஊசியும் ஒன்று போட்டாயிற்று, அது மூன்று மாசம் தாங்கியது. கடைசியில்தான் டாக்டர் அதிர்வலைச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை, மொத்தம் ஐந்து தடவை.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சக்கரம் வைத்த ஒரு மெஷின், அதிலிருந்து வயரில் தொங்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மாஸ்டரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்தாள் தெரபிஸ்ட். முப்பது வயதிருக்கும், வளவளவென்று பேசாதவள். குதிகாலில் குளிர்ந்த பசையைத் தடவி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேடினாள்.

“இங்கயா? இங்கயா? எங்க உயிர் போகுதோ அங்க சொல்லுங்க.”

“அம்மா!” என்றார் மாஸ்டர்.

“சரி, இடம் கெடச்சிடுச்சு. மரத்துப்போற ஊசியெல்லாம் போட மாட்டேன். வலிக்கிற இடத்தை நீங்க சொன்னாத்தான் எனக்கு வழி தெரியும். பத்துக்கு எத்தனை வலி?”

“எட்டு.”

மெஷின் ஓட ஆரம்பித்தது. நாற்காலியில் இருந்த மனைவிக்கு அந்தச் சத்தம், நூல் கோக்காமல் துணியும் வைக்காமல் தையல் மெஷினை முழு வேகத்தில் ஓட்டுவதுபோல் கேட்டது. திரையில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. நூறு, ஐந்நூறு, ஆயிரம். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தார். விரல்கணுக்கள் வெளுத்துவிட்டன. இரண்டாயிரத்தில் மெஷின் நின்றது.

“ரொம்ப நாள் ஆன காயத்தை ஒடம்பு மறந்துபோயிடும். இந்த அடி அதுக்கு ஞாபகப்படுத்தும். இங்க புதுசா கொஞ்சம் வீங்கி, ரத்தம் வந்து, அதுவே தன்னைச் சரி பண்ணிக்கணும்” என்றாள் தெரபிஸ்ட், பசையைத் துடைத்தபடி. “அதனால வலி மாத்திரை கூடவே கூடாது. அது அந்த வீக்கத்தையே அமுக்கிடும். எனக்கும் ஒண்ணும் புரியாமப் போயிடும். நிக்கிறதையும் கொறைங்க. வலிச்சா உக்காந்துடணும். நல்லாத் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும், அவசரப்படாதீங்க.”

“மாத்திரை நான் போட்டுக்க மாட்டேன். சொன்னா சொன்னதுதான்” என்றார் மாஸ்டர்.

சொன்னபடியே வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையில் இருந்த தன் மாத்திரை அட்டைகளை எடுத்து, மனைவி பார்க்கக் குப்பைக் கூடையில் போட்டார். வாக்குத் தவறாத மனுஷன் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நிற்பதைக் குறைப்பதுதான் நடக்கிற காரியமாக இல்லை. மூன்றாம் நாள் மாலை வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

“மேனேஜர் கூப்பிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள பெரிய ஆர்டர் போகணுமாம். ‘நிக்க முடியலன்னா சொல்லுங்க மாஸ்டர், ரெண்டாம் மாஸ்டர் மேசையைப் பாத்துக்கட்டும், உங்களுக்கு கேட்ல நாற்காலி போட்டுத் தரேன்’ங்கிறாரு. வண்டி நம்பர் எழுதற வேலை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? நிப்பேன்னு சொன்னேன்.”

அந்த மேசை போனால் இவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். கேட்டில் உட்கார்ந்து போகிற வருகிற லாரியின் எண்ணை எழுதுகிற ஆளை யாரும் ‘ஒருநூல்’ என்று கூப்பிட மாட்டார்கள். இவரும் அப்புறம் இவராக இருக்க மாட்டார். 

மறுநாள் காலை சுவர்கூட அவருக்கு உதவவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி, இரண்டு எட்டு வைத்து, அப்படியே மண்டியிட்டுத் தவழ்ந்து குளியலறைக்குப் போனார். அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார். சமையலறை வாசலில் நின்று அவள் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயதுக்காரர் குழந்தை மாதிரி நாலு காலில் போவதைக் கட்டிய மனைவி பார்க்கவே கூடாது. அவள் தன் கழுத்து வலி மாத்திரையில் ஒன்றை எடுத்தாள். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கினாள். வெள்ளைப் பொடியை அவருடைய டீயில் போட்டு, சர்க்கரையை ஒரு கரண்டி தூக்கலாகப் போட்டுக் கலக்கினாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு மாஸ்டர் நிமிர்ந்தார். “என்ன டீ ஒரு மாதிரி இருக்கு?”

“புதுத் தூள்” என்றாள்.

அவர் தம்ளரை ஒரு தடவை பார்த்தார். அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அன்று மாலை வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

அதிலிருந்து தினமும் காலை டீயில் ஒரு மாத்திரை. வேண்டாம் என்று தெரபிஸ்ட் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான். ஆனால் மாசக் கடைசி வரைக்கும்தானே, ஆர்டர் போனதும் நிறுத்திவிடலாம், சின்ன மாத்திரை பெரிதாக என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே வக்கீலாகிக்கொண்டாள். ஆச்சரியம் என்னவென்றால், மாஸ்டர் அதற்கப்புறம் டீயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அரைக் கரண்டி சர்க்கரைக்கு அரைமணி நேரம் பேசுகிறவர் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் குடித்தார். தன் கைப்பக்குவம்தான் என்று நினைத்து அவள் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள். பாவம்.

இரண்டாவது வாரம் தெரபிஸ்ட் கேட்டாள்: “பத்துக்கு எத்தனை?”

“நாலு.”

“அடேயப்பா.” கட்டைவிரலால் தேடினாள். “இங்கயா? இன்னும் உள்ளயா?”

“அங்கதான்… கிட்டத்தட்ட.”

‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லை மாஸ்டர் வாயிலிருந்து மனைவி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். தெரபிஸ்ட் மெஷினில் அழுத்தத்தைக் கூட்டினாள். மாஸ்டர் கம்பியைப் பிடிக்கவில்லை, தூங்குகிறவர்போல் படுத்திருந்தார்.

மூன்றாவது வாரத்துக்கு நடுவில் மாத்திரை தீர்ந்துபோனது. டாக்டரிடம் போய்த்தான் திரும்ப எழுதி வாங்கவேண்டும், அவளிடமோ தைத்துக் கொடுக்கவேண்டிய துணி மலையாகக் கிடந்தது. இரண்டு நாள் வெறும் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டாம் நாள் மாலை மாஸ்டர் சாம்பல் நிற முகத்தோடு வந்து, அப்படியே படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாலை வேலையிலிருந்து வந்தவர் நேராக அவளுடைய மெஷினுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

“உன் கழுத்துக்கு வாங்கிட்டு வந்தேன். தீந்துபோச்சுல்ல?”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் கழுத்தைப் பற்றி இந்த மனுஷன் பேசுவதே முதல் தடவை. மாத்திரை தீர்ந்தது எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மனசில் ஈரம் இருந்தால் தெரியாமலா போகும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவர் உள்ளே போனதும் கண்ணீர் மறைத்து, தைத்துக்கொண்டிருந்த பாவாடையின் விளிம்பு கோணிக்கொண்டு போனது. பிரித்துத் திரும்பத் தைத்தாள். தைக்கும்போதும் அழுதாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

பழையது வெள்ளை, இது ரோஜா நிறத்தில் கொஞ்சம் பெரியதாக இருந்தது. கம்பெனி மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். அவர் வாங்கிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் விழுங்கவில்லை. கழுத்து கல்லாகக் கனத்தபோதும் பொறுத்துக்கொண்டு அத்தனையையும் அவருக்கே நசுக்கிப் போட்டாள். இப்படி நினைத்துப் பார்த்து வாங்கி வருகிறவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அந்த வாரச் சிகிச்சையில் மாஸ்டர் “ரெண்டு” என்றார். தெரபிஸ்டுக்கு வாயெல்லாம் பல். “எல்லாரும் உங்களை மாதிரி சொன்ன பேச்சு கேட்டா எனக்கு வேலையே இல்ல. மாத்திரை எதுவும் போடலியே?”

“நானா ஒண்ணும் போட்டுக்கல” என்றார் மாஸ்டர்.

மனைவி சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். குப்புறப் படுத்திருந்தவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். களைத்த மனுஷனின் பார்வை என்று எடுத்துக்கொண்டு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நாலாவது தடவையும் முடிந்து ஐந்தாவதுக்கு இரண்டு நாள் இருந்தது. ஆர்டர் நெருக்கியதால் மாஸ்டர் காலை ஏழிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். அன்று மதியம் இரண்டாம் மாஸ்டர் போன் பண்ணினார். அவருக்கும் நாற்பது வயதாகிறது, பதறுகிற ஆளில்லை, குரல் மட்டும் நடுங்கியது.

“அண்ணி, பதறாதீங்க. துணி உருளையைத் தூக்கிட்டுப் பின்னால ஒரு எட்டு வச்சாரு. காலுக்குள்ள ஏதோ பட்டுனு அறுந்த மாதிரி இருந்துச்சாம். உக்காந்துட்டாரு. எந்திரிக்க முடியல.”

ஸ்கேன் எடுத்தார்கள். பாதத்தின் அடியில் குதிகாலையும் விரல்களையும் இணைக்கிற தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. தெரபிஸ்ட் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குப் புரியல. போன வாரம் வலி ரெண்டுன்னீங்க. ரெண்டு இருக்கிற காலு இப்படி ஆகாது. உண்மையைச் சொல்லுங்க, மாத்திரை போட்டீங்களா?”

“நானா ஒண்ணும் போட்டுக்கலம்மா” என்றார் மாஸ்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“நான் போட்டேன்” என்றாள் மனைவி. நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “டீயில பொடிச்சுப் போட்டேன். தினம். அவருக்குத் தெரியாது.”

தெரபிஸ்ட் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நீங்க வலியில்லன்னு சொல்லச் சொல்ல நான் அழுத்தத்தைக் கூட்டிட்டே போனேன்” என்று மாஸ்டரிடம் சொன்னாள். பிறகு அவளைப் பார்த்தாள். “வலி இருந்திருந்தா அவரே உக்காந்திருப்பாரும்மா. நிக்காதேன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதோட வாயைக் கட்டிட்டீங்க.” மறுபடி மாஸ்டரிடம், “உங்களுக்குச் சந்தேகமே வரலியா?” என்றாள்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாஸ்டர்.

முழங்கால் வரை வருகிற கனத்த காலணி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். எட்டு வாரம் கால் ஊன்றக் கூடாது. அதற்கப்புறமும் நாள் முழுக்க நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் தொழிற்சாலைக்குப் போனது. மேனேஜர் ரொம்ப வருத்தப்பட்டாராம். மேசை இரண்டாம் மாஸ்டருக்குப் போனது. கேட்டில் நாற்காலி காத்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியனுப்பினார்.

மாஸ்டரின் அக்கா செய்தி கேட்டு ஓடிவந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“ஒனக்கு என்ன தெரியும்னு மருந்து குடுத்த? படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்க, காதுல பஞ்சா வச்சிருந்த? என் தம்பி பொழப்பையே கெடுத்திட்டியே!”

“விடுக்கா” என்றார் மாஸ்டர் கட்டிலிலிருந்து. “அவ நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சா. அவளைத் திட்டாதே.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்துக்கோ, இப்படியொரு மனுஷன் யாருக்குக் கெடைப்பான்?”

பார்க்க வந்தவர்களெல்லாம் இதையே சொன்னார்கள். மாஸ்டரும் ஒவ்வொருவரிடமும் அவளை மன்னித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு தம்ளரையும் கரண்டியைக் கழுவிவிட்டே கலக்கினாள். தன் கையாலேயே அவரை முடமாக்கிவிட்டோம் என்ற நினைப்பு சோறு இறங்கவிடவில்லை. கழுத்தும் சேர்ந்து பழிவாங்கியது. தலையைத் திருப்பவே முடியாமல் போன ஒரு நாள், ரோஜா நிற மாத்திரையின் காலி அட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள்.

“கழுத்து வலி தாங்கல. இதுல ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இது உங்களுது இல்லையேம்மா. உங்க சீட்டுல எழுதினது வெள்ளை மாத்திரை. இது அதைவிட ரெண்டு மடங்கு. மாஸ்டர் தன்னோட பழைய சீட்டைக் காட்டி, குதிகாலுக்குன்னு வாங்கிட்டுப் போனாரே.”

“குதிகாலுக்கா?”

“ஆமா. வெள்ளை மாத்திரை சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டேங்குது, அதைவிட வேகமா ஒண்ணு குடுங்கன்னாரு. பொடிச்சுப் போட்டாலும் கேக்குமான்னு வேற கேட்டாரு. எதுக்குப் பொடிக்கணும்னு நான்கூடச் சிரிச்சேன். கால் இப்போ தேவலையா?”

“தேவலை” என்றாள். வெள்ளை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டுமல்லவா என்று கடைக்காரரே சொல்லி, பழைய சீட்டின் நகலைத் தேடி எடுத்து, ஓர் அட்டையைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வரும் வழியெல்லாம் மேசை நினைவுக்கு வரவில்லை. அக்காவின் ஏச்சு நினைவுக்கு வரவில்லை. அந்தப் பாவாடை விளிம்புதான் நினைவுக்கு வந்தது. கோணித் தைத்ததும், பிரித்ததும், அழுதுகொண்டே திரும்பத் தைத்ததும்.

மாஸ்டர் காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். அவள் இரண்டு தம்ளர் டீ போட்டு வந்தாள். அவர் பார்க்கவே ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு ரோஜா நிறக் காலி அட்டையை அவர் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“மருந்துக்கடைக்குப் போயிருந்தேன்.”

மாஸ்டர் அட்டையைப் பார்த்தார். எடுத்துத் திருப்பினார்.

“நானா ஒண்ணும் போட்டுக்கலையே” என்றார் கடைசியில்.

“இல்ல. நீங்களா போட்டுக்கல.”

“மேசை போயிடும்னு பயமா இருந்துச்சு. போட்டுக்க மாட்டேன்னு வாக்கும் குடுத்திருந்தேன். என்னை என்ன பண்ணச் சொல்ற?”

“பழியை என் தலையில போட்டீங்க, அதுகூடப் போகட்டும். கேட்டிருந்தா நானே தெரிஞ்சு சுமந்திருப்பேன்.” அவள் குரல் உடைந்தது. “என் கழுத்துக்குன்னு சொன்னீங்களே, அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்.”

ஒருநூல் எதிர்ச்சுவரில் தன் உள்ளங்கை போட்ட கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார், கீழே வைத்தார்.

“இப்போ எப்படி இருக்கு கழுத்து?” என்று கேட்டார்.

உண்மையாகவே கேட்டார் போலத்தான் இருந்தது. குரலும் தாழ்ந்திருந்தது, கண்ணும் கலங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி அது. ஆனால் காதில் விழுந்ததும், இவருக்கு இப்போது என்ன வேண்டியிருக்கிறதோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

“இருக்கு” என்று சொல்லிவிட்டு, மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள்.